ஒரே பானை, ஐந்து தட்டு: யாருக்கு எவ்வளவு சத்து?

மார்ச் 4, காலை (கேள்வி)

வீட்டில் ஐந்து பேர். எட்டு மாதக் குழந்தை (8 கிலோ), 15 வயதுப் பெண், ஐந்தாம் மாதக் கர்ப்பிணி, சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் உள்ள 74 வயது அப்பா, அப்புறம் நான். என் கணக்கு இதுதான்: சாப்பாடு எல்லோருக்கும் ஒன்றே, அளவுதான் வேறு. பெரியவருக்கான சத்து அட்டவணையை எடுத்து, எடைக்குத் தகுந்தபடி கூட்டிக் குறைத்துப் பரிமாறினால் போதும். தப்பிருந்தால் சொல்லுங்கள்.

மார்ச் 4, மாலை

தப்பிருக்கிறது. எங்கே என்று ஒரு கணக்கிலேயே பார்த்துவிடலாம்.

70 கிலோ ஆணுக்கு ஒரு நாளைக்கு 8 மி.கி. இரும்புச்சத்து. உங்கள் விதிப்படி 8 கிலோ குழந்தைக்கு 1 மி.கி.கூட வராது. ஆனால் 7 முதல் 12 மாதக் குழந்தைக்கு அமெரிக்க அட்டவணை சொல்வது 11 மி.கி. அப்பனைவிடப் பிள்ளைக்கு அதிகம்! கிலோவுக்கு எவ்வளவு என்று பார்த்தால் 12 மடங்கு. புரதத்தில் அந்த இடைவெளி இல்லை: பெரியவருக்குக் கிலோவுக்கு 0.8 கிராம், இந்தக் குழந்தைக்கு 1.2 கிராம், ஒன்றரை மடங்குதான். கலோரி குழந்தைக்குக் கிலோவுக்கு 80 அளவில், பெரியவருக்கு 30 சொச்சம். ஆக, ஒவ்வொரு சத்தும் தன் போக்கில் ஏறி இறங்குகிறது. எடையை மட்டும் வைத்துப் பெருக்கினால் ஒன்று சரியாக வரும்போது இன்னொன்று கவிழும்.

இரும்பு மட்டும் ஏன் இப்படி? நிறைமாதத்தில் பிறந்த குழந்தை தாயிடமிருந்து ஒரு கையிருப்போடு வருகிறது. தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு, லிட்டருக்கு 0.3 மி.கி. அளவு. ஆறு மாதம் நெருங்கும்போது கையிருப்பு தீர்கிறது, ரத்தத்தின் அளவோ ஏறிக்கொண்டே போகிறது. அந்த வெற்றிடத்தை வெளியிலிருந்துதான் நிரப்ப வேண்டும்.

இன்னொன்று. சுவரில் ஒட்டும் அட்டவணைகள் ஆரோக்கியமானவர்களுக்காகப் போடப்பட்டவை. வைட்டமின், தாது, புரத அளவுகள் நூற்றில் 97, 98 பேருக்குப் போதும்படி மேலே தூக்கி வைக்கப்பட்டவை. கலோரி மட்டும் சராசரி. எல்லோருக்கும் தூக்கி வைத்தால் பெரும்பாலோருக்குத் தொந்தி விழும். உங்கள் அப்பாவுக்கு அந்த அட்டவணையில் வரிசையே கிடையாது.

மார்ச் 5

"மூன்று கிண்ணம் கஞ்சி குடிக்கிறான், எடை ஏறவில்லை" என்று கேட்டிருக்கிறீர்கள். கஞ்சியைக் கரண்டியில் அள்ளிச் சாய்த்துப் பாருங்கள். நூல் பிடித்தாற்போல ஓடினால் 100 கிராமில் 30, 40 கிலோ கலோரிதான் இருக்கும். மெதுவாகச் சரிந்து சொத்தென்று விழுந்தால் 80க்கு மேல்.

6 முதல் 8 மாதம்வரை தாய்ப்பால் போக இணை உணவிலிருந்து வர வேண்டியது சுமார் 200 கிலோ கலோரி, 9 மாதத்திலிருந்து 300. இந்த வயதில் வயிற்றின் கொள்ளளவு கிலோவுக்கு 30 மி.லி. என்று வைத்தால் உங்கள் பிள்ளைக்கு 240 மி.லி. தண்ணீர்க் கஞ்சியில் 200 கிலோ கலோரி எடுக்க அரைக் கிலோ உள்ளே போக வேண்டும். போனால் தாய்ப்பால் குடிக்கும் அளவு குறைந்துவிடும். வயிறு நிறைகிறது, பிள்ளை பசியோடு அழுவதில்லை, எடை மட்டும் நிற்கிறது. பலரும் ஏமாறும் இடம் இது.

கெட்டியாக்கினால் விழுங்க மாட்டான் என்பீர்கள். அதற்கு நல்ல வழி, முளைகட்டிக் காயவைத்து அரைத்த தானிய மாவு. கஞ்சியைக் கெட்டியாகவே காய்ச்சி இறக்குங்கள். கொதி அடங்கி 60 டிகிரி அளவுக்குச் சூடு தணிந்ததும் (விரல் வைத்தால் உடனே எடுத்துவிடும் சூடு) இந்த மாவில் ஒரு டீஸ்பூன் தூவிக் கிளறுங்கள். முளையில் உண்டாகும் அமிலேஸ் நொதி மாவுச்சத்தை வெட்டிப்போடும். ஐந்து பத்து நிமிடத்தில் கரண்டியில் நின்ற கஞ்சி வழியத் தொடங்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்கவில்லை, கலோரி அப்படியே இருக்கிறது. பிறகு மறுபடி ஒரு கொதி விட வேண்டும், ஏனென்றால் முளைகட்டும் ஈரத்தில் கிருமியும் பெருகியிருக்கும்.

இரண்டு இடத்தில் கெடும். கொதிக்கும் கஞ்சியில் மாவைப் போட்டால் நொதி செத்துவிடும், கஞ்சி இளகாது. முளையையும் வேரையும் நீக்காமல் அரைப்பது அடுத்தது. காய்ந்ததும் கையால் தேய்த்தால் உதிரும், புடைத்துவிட்டு அரையுங்கள். சோளம் என்றால் இது கட்டாயம். சோள முளையில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது.

ஒரு டீஸ்பூன் எண்ணெய் 40 கிலோ கலோரி கூட்டும். நாளுக்கு ஒன்று இரண்டு போதும். எண்ணெயாலேயே எடை ஏற்றப் பார்த்தால் புரதமும் இரும்பும் பின்தங்கும். இரண்டு வயதுவரை கொழுப்பைக் குறைக்கும் பேச்சே வேண்டாம்.

இரும்பு 11 மி.கி. கஞ்சியில் வராது. மசித்த இறைச்சி, இரும்பு செறிவூட்டிய குழந்தை உணவு, இல்லையென்றால் மருத்துவர் எழுதித் தரும் சொட்டு மருந்து. கல்லீரல் கொடுக்கலாம், ஒரு சிறு கரண்டி, வாரம் ஒரு முறைக்கு மேல் வேண்டாம்; வைட்டமின் ஏ மிகுந்துவிடும். ஒரு வயதுவரை தேன் கூடாது (பாட்டுலிசம் என்ற கொடிய நச்சு நோய் வரலாம்), உப்பு சேர்க்கக் கூடாது, மாட்டுப்பால் முக்கிய பானமாகக் கூடாது. ஒரு வயதுக்குப் பிறகும் பால் அரை லிட்டரோடு நிற்கட்டும். பாலில் இரும்பு மிகக் குறைவு, அதிலுள்ள கால்சியம் மற்ற உணவின் இரும்பையும் தடுக்கும்.

மார்ச் 5, இரவு

மேலே சொன்ன 200 கிலோ கலோரி, தாய்ப்பால் வழக்கமான அளவில் குடிக்கும் குழந்தைக்கு. தாய்ப்பால் இல்லாத குழந்தைக்கு அந்தக் கணக்கு செல்லாது.

மார்ச் 8

கர்ப்பிணிக்கு "இரண்டு பேருக்குச் சாப்பிடு" என்ற பேச்சைப் பற்றி. கூடுதலாக வேண்டியது 340 கிலோ கலோரி. ஆறேழு மாதத்துக்குப் பிறகு 450 அளவு. இது இரண்டாவது தட்டு இல்லை, ஒரு நல்ல சிற்றுணவு. ஆனால் இரும்பு 18லிருந்து 27 மி.கி. ஆகிறது, தாவர உணவு மட்டும் உண்பவர் என்றால் அதையும் 1.8ஆல் பெருக்கச் சொல்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் அயோடினை 150லிருந்து 250 மைக்ரோகிராமுக்கு ஏற்றச் சொல்கிறது. கலோரி கொஞ்சமாகவும் நுண்சத்து நிறையவும் ஏறும்போது அளவைக் கூட்டிப் பயனில்லை, தட்டில் இருப்பதே மாற வேண்டும். முட்டை, பருப்பு, மீன், கீரை ஏறட்டும். வெறும் மாவுச்சத்து அப்படியே நிற்கட்டும்.

கால்சியம் மட்டும் வேறு மாதிரி. கர்ப்பத்தில் குடல் கால்சியத்தை ஏறத்தாழ இரண்டு மடங்கு உறிஞ்சுகிறது, அதனால் 1000 மி.கி. என்ற இலக்கு மாறுவதில்லை. உணவில் கால்சியம் குறைவாக உள்ள மக்களுக்கு மட்டும், ரத்தக் கொதிப்போடு வரும் கர்ப்பச் சிக்கலைத் தடுக்க 1.5 முதல் 2 கிராம்வரை மாத்திரையாகக் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இரும்பு மாத்திரை அட்டையை எடுத்துப் படியுங்கள். "ஃபெரஸ் சல்ஃபேட் 300 மி.கி." என்றிருந்தால் அது அந்த வேதிச் சேர்மத்தின் மொத்த எடை. உள்ளே இருக்கும் இரும்பு 60 மி.கி. ஃபெரஸ் ஃபியூமரேட் என்றால் 180 மி.கி.யிலேயே அதே 60 கிடைக்கும். ஃபெரஸ் குளூக்கோனேட் என்றால் 500 மி.கி. வேண்டும். கர்ப்பிணிக்குச் சொல்லப்படும் 30 முதல் 60 மி.கி. என்பது இரும்பின் எடை. கடையில் ஒரு வகை இல்லையென்று வேறு வகை வாங்கும்போது இதைப் பார்க்காமல் விட்டால், பாதிதான் போகும் அல்லது இரட்டிப்பாகப் போகும்.

கல்லீரல் குழந்தைக்கு ஒரு கரண்டி என்று எழுதினேன் அல்லவா? கர்ப்பிணி தட்டில் அது வேண்டாம். விலங்குணவிலுள்ள வைட்டமின் ஏ நாளுக்கு 3000 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது, மாட்டுக் கல்லீரல் 100 கிராமிலேயே அது தாண்டிவிடும். கருவின் உறுப்புகள் உருவாகும் மாதங்களில் அது பிறவிக் குறையில் கொண்டுபோய் விடலாம். ஒரே பானையில் வெந்தாலும் ஒரு தட்டுக்கு மருந்து, இன்னொன்றுக்கு ஆபத்து.

மார்ச் 9

திருத்தம். 340 கிலோ கலோரி நான்காம் மாதத்திலிருந்து. முதல் மூன்று மாதத்துக்குக் கூடுதல் கலோரி ஏதுமில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் முதல் மாதமே தட்டை நிரப்புவார்கள்.

முதல் மாதத்தில் வேண்டியது ஃபோலிக் அமிலம், 400 மைக்ரோகிராம். குழந்தையின் முதுகுத்தண்டுக் குழாய் கருத்தரித்த 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. பலருக்கு மாதவிடாய் தள்ளிப்போயிருப்பதே அப்போதுதான் தெரியும். கருத்தரிக்கத் திட்டமிடும்போதே தொடங்கச் சொல்வது இதனால்தான். ஏற்கெனவே முதுகுத்தண்டுக் குறையோடு குழந்தை பிறந்தவருக்கு 4 மி.கி.; 1991இல் பிரிட்டனின் மருத்துவ ஆய்வுக் கவுன்சில் வெளியிட்ட சோதனையில் அந்த அளவு மறுபடி வரும் வாய்ப்பை 72 சதவீதம் தடுத்தது. ஐந்தாம் மாதத்தில் இருக்கும் உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு அந்தக் கட்டம் கடந்துவிட்டது, ஆனாலும் ரத்தம் ஊற ஃபோலிக் அமிலம் தொடரட்டும்.

மார்ச் 9, மாலை

கர்ப்பிணி தைராய்டு மாத்திரையும் போடுகிறார் என்பதை இப்போதுதான் சொல்கிறீர்கள்! இது பெரிய விஷயம். இரும்பும் கால்சியமும் அந்த மாத்திரையிலுள்ள லெவோதைராக்சினைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும், குறைந்தது நாலு மணி நேர இடைவெளி வேண்டும். கர்ப்பத்தில் தைராய்டு குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சியைத் தொடும். ஒரு நாள் இப்படிப் போகலாம்:

காலை 6 மணி: வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, தண்ணீரோடு.
7 மணி: காலை உணவு.
10.30: இரும்பு மாத்திரை, புளிப்புப் பழச்சாறு அரை டம்ளருடன். டீ, காபி இதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரத்துக்கு வேண்டாம்.
பகல் 1 மணி: சாப்பாட்டோடு கால்சியம் 500 மி.கி.
இரவு 8: இரண்டாவது கால்சியம் எழுதித் தந்திருந்தால், சாப்பாட்டோடு.

கால்சியத்தை ஒரே தடவையில் 500க்கு மேல் போட்டால் உறிஞ்சும் விகிதம் குறையும். கார்பனேட் வகை கரைய வயிற்று அமிலம் வேண்டும், அதனால் சாப்பாட்டோடு. சிட்ரேட் வகைக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

மார்ச் 11

15 வயதுப் பெண்ணைப் பற்றி யாருமே கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை. வீட்டில் நோயில்லாதவர், சின்னவருமில்லை, அதனால் கண்ணில் படுவதில்லை. கால்சியம் 1300 மி.கி., வாழ்நாளின் உச்ச அளவு இந்த வயதுகளில்தான். உயரம் வேகமாக ஏறும் இரண்டு ஆண்டுகளில் மட்டும் பெரியவரின் எலும்புத் தாதுவில் ஏறத்தாழ கால் பங்கு சேர்கிறது. இரும்பு 15 மி.கி., அதே வயதுப் பையனுக்கு 11. காலை உணவைத் தவிர்க்கிறாளா, எடைக்குப் பயந்து பாலை விட்டுவிட்டாளா, மாதவிடாய் ஏழு நாளைத் தாண்டுகிறதா, மூன்றையும் கேளுங்கள். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினோடு, இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். கையிருப்பு தீர்ந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும். சோர்வும் முடி உதிர்தலும் அதற்கு முன்பே வரும். மாத்திரை எழுதித் தந்தால் தினமும் தவறாமல் போடச் சொல்லுங்கள்.

மார்ச் 13

அப்பா. நீங்கள் தந்த விவரம்: 74 வயது, 72 கிலோ, இ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் எண்) 38, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையும் இன்சுலினும்.

இங்கே வயது ஒரு பக்கம் இழுக்கிறது, நோய் மறு பக்கம் இழுக்கிறது. முதுமையில் தசை புரதத்துக்குச் சோம்பலாகப் பதில் தரும், அதனால் 65க்கு மேல் கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் என்பது முதியோர் மருத்துவத்தின் பரிந்துரை: 72 முதல் 86 கிராம். சிறுநீரகத்துக்கான பழைய கண்டிப்பான அளவு 0.6 என்றால் 43 கிராம். ஒரே மனிதருக்கு இரண்டு தாள், ஒன்று மற்றதன் இரண்டு மடங்கு!

அவருடைய 38 என்பது சிறுநீரக நோயின் ஐந்து நிலைகளில் மூன்றாம் நிலையின் பின்பாதி. கே.டி.ஐ.ஜி.ஓ. என்ற சர்வதேச சிறுநீரகக் குழுவின் 2024 வழிகாட்டி மூன்று முதல் ஐந்தாம் நிலைவரை 0.8 கிராமில் நிறுத்தச் சொல்கிறது, 1.3ஐத் தாண்ட வேண்டாம் என்கிறது. கூடவே, தளர்ந்துபோன, தசை கரைந்த முதியவருக்கு அதைவிடக் கூடுதலான புரதத்தையும் கலோரியையும் யோசிக்கச் சொல்கிறது. அந்தக் கடைசி வரியைப் பலர் படிப்பதில்லை. இப்போதைக்கு 0.8, அதாவது 58 கிராம் என்று வைத்துக்கொள்வோம்.

மெட்ஃபார்மின் பல ஆண்டு போட்டவருக்கு பி12 குறையும். வயிற்று அமிலம் குறையும் முதுமையிலும் உணவிலுள்ள பி12 பிரியாமல் போகும். இவருக்கு இரண்டும் சேர்ந்திருக்கிறது. கால் எரிச்சலைச் சர்க்கரையின் தலையில் கட்டுவதற்கு முன் பி12 அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். கர்ப்பிணியின் ஃபோலிக் அமில மாத்திரையை "சத்து மாத்திரைதானே" என்று இவருக்குக் கொடுத்துவிடாதீர்கள். அது ரத்தசோகையை மட்டும் சரிசெய்து பி12 குறைவை மறைக்கும், நரம்பு உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும்.

மார்ச் 14

"புரதம் விஷம், 0.6க்கு மேல் போகவே கூடாது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 0.55 முதல் 0.6 என்பது சர்க்கரை நோய் இல்லாத, உடல்நிலை நிலையாக உள்ள சிறுநீரக நோயாளிக்கு, உணவியல் நிபுணரின் கண்காணிப்பில், 2020இன் அமெரிக்க வழிகாட்டி தந்த அளவு. சர்க்கரை நோய் உள்ளவருக்கு அதுவே 0.6 முதல் 0.8 என்றது. இரண்டுக்கும் நிபந்தனை, கலோரி கிலோவுக்கு 25 முதல் 35 வர வேண்டும். கலோரி வராவிட்டால் உடல் சாப்பிட்ட புரதத்தையும் எரித்து, தன் தசையையும் எரிக்கும். பருப்பையும் முட்டையையும் நிறுத்திவிட்டு, பசியும் குறைந்து, நாளுக்கு 1100 கிலோ கலோரியில் ஓடும் முதியவருக்கு யூரியா குறையாது, ஆள்தான் குறைவார்.

இதில் ஒரு கண்கட்டு இருக்கிறது. இ.ஜி.எஃப்.ஆரைக் கணக்கிட உதவும் கிரியாட்டினின் என்ற ரத்தக் கழிவு தசையிலிருந்து வருவது. தசை கரைந்தால் கிரியாட்டினினும் இறங்கும், தாளில் இ.ஜி.எஃப்.ஆர். ஏறும். "பத்தியம் வேலை செய்கிறது" என்று வீடே மகிழும், சட்டை மட்டும் தொளதொளவென்று தொங்கும். சந்தேகம் இருந்தால் தசையை அதிகம் சாராத சிஸ்டாட்டின் சி பரிசோதனையைக் கேளுங்கள்.

டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் எல்லாம் தலைகீழ்: 1.0 முதல் 1.2 கிராம். இயந்திரம் கழிவோடு புரதத்தின் துணுக்கான அமினோ அமிலத்தையும் வெளியேற்றுகிறது. நேற்றுவரை குறைத்தவர் இன்று கூட்ட வேண்டும். பழைய பத்தியத் தாளைக் கிழித்துப் போடாதவர்கள்தான் அங்கே மெலிந்துபோகிறார்கள்.

மார்ச் 16

கணுக்காலில் அழுத்தினால் குழி விழுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் என் 58 கிராம் தப்பு. 72 கிலோவில் நீரும் இருக்கிறது. நீர் இறங்கிய பிறகு நிற்கும் உலர் எடையைத்தான் பெருக்க வேண்டும். நீர் பிரியும் மாத்திரைக்குப் பிறகு மருத்துவர் அந்த எடையைச் சொல்லட்டும்.

இதைவிட முக்கியமானது: வீக்கம் இருக்கும்வரை தராசை நம்பாதீர்கள். தசை ஒரு பக்கம் போக, நீர் மறு பக்கம் ஏற, மூன்று மாதமாக எடை ஒன்றே என்று காட்டும். கெண்டைக்காலின் பருத்த பகுதியைச் சுற்றளவு எடுத்தாலும் வீக்கம் ஏமாற்றும், மேற்கையின் நடுச் சுற்றளவு நல்லது. ஒரே டேப், ஒரே கை, மாதம் ஒரு முறை.

மார்ச் 20

உப்பைப் பற்றி மூன்று பேர் கேட்டதால் சேர்த்து எழுதுகிறேன்.

சோடியம் 2 கிராம் என்றால் உப்பு 5 கிராம், தட்டையாக வழித்த ஒரு டீஸ்பூனுக்கும் சற்றுக் குறைவு. நாள் முழுவதுக்கும் அவ்வளவுதான். அப்பாவுக்கு என்று தனியே சமைக்க வேண்டாம். காலையில் அவருக்கான உப்பை ஒரு சிறு டப்பாவில் அளந்து வையுங்கள், உப்பில்லாமல் எடுத்து வைத்த அவர் பங்கில் அதிலிருந்து போடுங்கள், தீர்ந்தால் தீர்ந்தது.

"குறை சோடிய உப்பு" என்று விற்பதை மட்டும் அவர் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு. சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாத நிலையில், ரத்தக் கொதிப்பு மாத்திரைகளில் சிலவும் பொட்டாசியத்தைத் தேக்கும்போது, இதயத் துடிப்பே தடுமாறலாம். சிறுநீரகம் நன்றாக உள்ள உங்களைப் போன்ற பெரியவருக்கு அதே உப்பு நல்லதாகக்கூட இருக்கும்.

காய்களைப் பொடியாக நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டினால் பொட்டாசியம் கணிசமாக இறங்கும். வெறுமனே ஊறவைப்பதும் ஆவியில் வேகவைப்பதும் பெரிதாகக் குறைக்காது. ஆனால் ஒரு வார்த்தை: ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருந்தால் மட்டும் இதெல்லாம். ஏறாதவருக்குப் பழமும் காயும் நிறுத்தினால் நார்ச்சத்து போய் மலச்சிக்கல் வரும், மலச்சிக்கலே பொட்டாசியத்தை ஏற்றும்.

பாஸ்பரஸ் விஷயத்தில் முழுப் பருப்பையும் கொட்டையையும் கண்டு பயப்படுவதைவிட பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். பருப்பில் அது ஃபைட்டேட் என்ற பொருளில் கட்டுண்டு கிடக்கிறது, பாதிகூடச் சேராது. பதப்படுத்தப் போடும் பாஸ்பேட் உப்பு ஏறத்தாழ முழுவதும் உடம்பில் சேரும். சேர்மானப் பட்டியலில் 338 முதல் 341, 450 முதல் 452 என்ற எண்களைப் பார்த்தால் கீழே வையுங்கள்.

மார்ச் 20, இரவு

சுகர் இறங்கினால் ஆரஞ்சுச் சாறு என்று எங்கும் சொல்வார்கள். இவருக்கு வேண்டாம்; ஒரு டம்ளரில் 400 மி.கி.க்கு மேல் பொட்டாசியம். 70க்குக் கீழே போனால் குளூக்கோஸ் பொடி 15 கிராம் தண்ணீரில், 15 நிமிடம் பொறுத்து மறுபடி பார்க்க, ஏறாவிட்டால் இன்னொரு 15. சாக்லேட் கொடுக்காதீர்கள், கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். பொடியை இன்றே எடை போட்டு 15 கிராம் பொட்டலங்களாகக் கட்டி அவர் தலைமாட்டில் வையுங்கள். கை நடுங்கும்போது யாரும் தராசு தேட முடியாது. சிறுநீரகம் தளர்ந்தால் இன்சுலின் உடம்பில் கூடுதல் நேரம் தங்கும். சாப்பாடு மாறாமலே சுகர் அடிக்கடி இறங்கினால் இன்சுலின் அளவைக் குறைக்க வேண்டிய நேரம் வந்திருக்கலாம், அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மார்ச் 27

வேறொருவர் கேட்டிருக்கிறார்: பாட்டி காய்ச்சலில் 12 நாள் ஏறத்தாழ ஒன்றும் சாப்பிடவில்லை, இப்போது பசிக்கிறது என்கிறார், நன்றாக ஊட்டிவிடலாமா?

வேண்டாம். முதலில் மருத்துவமனை. பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென்று மாவுச்சத்து வந்தால் இன்சுலின் எழும்பி, ரத்தத்திலிருக்கும் கொஞ்சநஞ்ச பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் செல்லுக்குள் இழுத்துவிடும். இதயமும் சுவாசமும் நிற்கலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்து சிறைமுகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களில் உணவு கிடைத்த பிறகு இறந்தவர்கள் இருந்தார்கள். பத்து நாளுக்கு மேல் உணவில்லாதவருக்கு பிரிட்டனின் வழிகாட்டி நாளுக்குக் கிலோவுக்கு 10 கிலோ கலோரிக்கு மேல் தொடங்காதே என்கிறது, மிக மெலிந்தவருக்கு 5. தொடங்குவதற்கு முன்பே தயமின் (வைட்டமின் பி1), தினமும் ரத்தப் பரிசோதனை. 45 கிலோ பாட்டிக்கு முதல் நாள் 450 கிலோ கலோரி! பார்க்கவே மனம் கேட்காது. அப்படித்தான் செய்ய வேண்டும்.

ஏப்ரல் 2

மார்ச் 11இல் பெண்ணுக்கு இரும்பு தினமும் தவறாமல் என்று எழுதியதை மறுபடி யோசித்தேன். ஒரு மாத்திரை போட்டதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, ஒரு நாள் அளவுக்குக் குடலின் கதவைச் சாத்துகிறது. மறுநாள் மாத்திரை அந்தச் சாத்திய கதவில் மோதும். கையிருப்பு குறைந்த இளம் பெண்களிடம் செய்த சோதனையில் ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தபோது ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் சேர்ந்த இரும்பு அதிகம். வயிற்றுக் குமட்டலும் குறையும். அதனால் அவளுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போதுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். கர்ப்பிணிக்கு இதை நீங்களாக மாற்றாதீர்கள், அங்கே பரிந்துரை இன்றும் தினமும்தான்.

ஏப்ரல் 9

கல்லீரல் சுருக்கம் உள்ளவருக்குப் புரதத்தை நிறுத்தச் சொல்லும் பழைய பத்தியம் இன்னும் உலவுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அது போய்விட்டது. இப்போது கிலோவுக்கு 1.2 முதல் 1.5. அவர்கள் கல்லீரலில் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு மிகக் குறைவாக இருப்பதால், ஒரு இரவுப் பட்டினி மற்றவரின் இரண்டு மூன்று நாள் பட்டினிக்குச் சமம். படுக்கும் முன் 50 கிராம் மாவுச்சத்து வரும்படி ஒரு சிற்றுணவு, தினமும்.

ஏப்ரல் 15

அப்பாவின் உலர் எடை 66 என்று சொல்லியிருக்கிறீர்கள். 0.8 என்றால் 53 கிராம். தட்டில் அது இப்படி: முட்டை ஒன்று 6, பால் 200 மி.லி. 6.5, காய்ந்த பருப்பு 40 கிராம் 9, சமைத்த மீன் 60 கிராம் 14, மீதி 17 நாள் முழுவதும் சாப்பிடும் தானியத்திலிருந்தே (சமைக்கும் முன் 200 கிராம்) வந்துவிடும். மீன் முழுவதையும் இரவில் வைக்காமல் பகலிலும் பிரித்து வையுங்கள், முட்டை காலைக்கு.

53இல் நிறுத்துவதா, 66 வரை போவதா என்பதற்கு ஒரு நாற்காலி வேண்டும். கைப்பிடி இல்லாத, அசையாத நாற்காலி, சுவரை ஒட்டிப் போடுங்கள். அவர் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை முழுவதும் எழுந்து உட்காரட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று நேரம் பாருங்கள். 15 நொடிக்கு மேல் போனால், அல்லது ஐந்தை முடிக்க முடியாவிட்டால், தசை தளர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

ஏப்ரல் 16

19 நொடி. அப்படியென்றால் 0.8 இவருக்குப் போதாது என்றே நினைக்கிறேன். 1.0 கேட்டுச் சிறுநீரக மருத்துவரிடம் இந்த 19ஐயும் மேற்கைச் சுற்றளவையும் எழுதிக் கொண்டுபோங்கள். அவர் சரி என்றால் கூட்ட வேண்டியது 13 கிராம்: இன்னொரு முட்டை, மீன் இன்னும் 30 கிராம், அவ்வளவே. கூடவே அதே நாற்காலியில் தினமும் இரண்டு வேளை, முடிந்த அளவு எழுந்து உட்காரும் பயிற்சி. பயிற்சி இல்லாமல் சேர்க்கும் புரதம் தசையாவது குறைவு. நாலு வாரம் கழித்து அதே நாற்காலி, அதே நேரம், மறுபடி ஐந்து முறை. நொடியை இங்கே எழுதுங்கள்.